பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு பொட்டி

முருகையன் ஆட்டோவில் ஏறியவர்கள், இறங்கும் இடம் வந்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அவன் சொல்லிக்கொண்டு வந்த கதை பாதியில் நிற்கும். முடிவைக் கேட்டுவிட்டு இறங்கலாம் என்று பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான். முருகையன் தலையை மட்டும் வெளியே நீட்டி, "இர்ரா நைனா, அம்மா இன்னும் எறங்கல" என்பான். அம்மா இறங்காததற்குக் காரணமே அவன்தான் என்பது பஸ்காரனுக்குத் தெரியாது.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவன். கரையோரத்து வீடுகளை எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். வீடு மாறியதே தவிர, மந்தைவெளியில் இருக்கும் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டை அவன் விடவில்லை. விடியும் முன்பே கிளம்பி முதல் வண்டியாக வந்து நிற்பான்.

"அங்கயே ஒரு ஸ்டாண்டு கிடைக்கலையாடா?" என்று கேட்டேன்.

"கெடைக்கும் அண்ணே. ஆனா அங்க ஏர்றவங்க அல்லாரும் நம்மள மாதிரி எட்துக்கினு வந்து போட்ட ஆளுங்க. ஒருத்தர் வுடாம ஒரே கதைய வச்சிக்கினு கீறாங்கோ. நான் யாருக்குச் சொல்றது?"

எங்கள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. கோயில் என்பது பெரிய வார்த்தை. கம்பிக்கதவு போட்ட ஒரு மாடம், ஒரு விளக்கு, ஒரு கரண்டு லைட்டு, அவ்வளவுதான். காலையில் குளித்துவிட்டு வந்து அவருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அருகம்புல் சாத்திவிட்டுத்தான் நான் வண்டியை எடுப்பேன். அந்தப் பாக்கியம் எனக்கு வாய்த்தது போன ஜென்மத்துப் புண்ணியம். கதவுச் சாவியும் என்னிடம்தான்.

ஸ்டாண்டுக்குத் தலைவர் அசோகன். நல்ல மனிதர், ஆனால் எதையும் நம்பமாட்டார். நான் விபூதி கொடுத்தால்கூட ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்வார்.

முருகையன், அசோகன், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பொட்டி வந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களில் பாதிப் பேர் ஒரு கம்பெனியின் ஆப்பில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். கம்பெனியின் பேர் எதற்கு, விடுங்கள். ஒருநாள் காலையில் முருகையனுக்கு ஆப் திறக்கவில்லை. 'உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது' என்று மட்டும் வந்தது. என்ன தப்பு, யார் சொன்னது, எப்போது சரியாகும், ஒன்றும் இல்லை. கிண்டியில் அவர்கள் ஆபீசுக்குப் போனான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற செக்யூரிட்டி, "ஆப்புல கம்ப்ளெயிண்ட் போடு" என்றாராம்.

"ஆப்பே தொறக்கலியே நைனா!"

"அப்ப தொறந்ததும் போடு."

உள்ளேயிருந்து வந்த ஒரு பெண்ணைக் கும்பிட்டிருக்கிறான். அந்தப் பிள்ளை பாவம், "நான் வேற மாடி அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "இன்னா தப்புன்னு சொன்னா கால்ல வுயுந்துட்டு வந்துடுவேன் அண்ணே. கால் எங்க கீதுன்னே தெர்லியே!"

இந்தக் கதையை அவன் ஏற்றிய ஒவ்வொரு சவாரியிடமும் சொன்னான். அதில் ஒருவர் சாய்சரண். தேனாம்பேட்டையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளை. தினமும் முருகையன் வண்டிதான். கதையைக் கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளைக்கே ரோசம் வந்துவிட்டது. "கம்பெனி எதுக்குண்ணா? நீங்களே உங்க இடத்துல ஒரு பொட்டி வச்சு நடத்தலாம். இதுக்கான ப்ரோக்ராமை நல்லவங்க சும்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க. யார் வண்டி கேட்டாங்க, யார் முறை, எல்லாம் அந்தப் பொட்டியிலயே இருக்கும். உங்க கண்ணு முன்னால இருக்கும். யாரும் உங்களை வெளிய நிறுத்த முடியாது" என்றார்.

சொன்னதோடு நிற்காமல் ஒரு பொட்டியும் கொண்டுவந்தார். டிபன் பாக்ஸ் அளவு. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களின் போனில் ஒரு பக்கத்தைப் போட்டுக் கொடுத்தார். அதில் 'வண்டி வேணும்' என்று ஒரே ஒரு பெரிய பொத்தான். அமுக்கினால் எங்கள் போனில் கோயில் மணி அடிக்கும். முறை யாருக்கோ அவர் போக வேண்டும். நாளைக்கு வேண்டும் என்றாலும் இன்றைக்கே சொல்லி வைக்கலாம்.

பொட்டியை எங்கே வைப்பது? டீக்கடையில் ஆவி. வெளியே வெயில். கரண்டும் பூட்டும் இரண்டும் இருந்த ஒரே இடம் பிள்ளையார் மாடம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒருநாள் முழுக்க யோசித்தேன். விக்கினம் தீர்க்கிறவர் தன் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கொடுக்கமாட்டாரா என்று தோன்றியது. சாவியைக் கொடுத்துவிட்டேன்.

சாய்சரணுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. கிளம்பும் முன், பொட்டியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று இங்கிலீஷில் அச்சடித்த ஒரு கத்தைக் காகிதத்தை முருகையன் கையில் கொடுத்தார். மறுநாள் முருகையன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"தம்பி, இத்த எம் பொண்டாட்டி தேவானைகிட்ட காட்னேன். 'இன்னா, மறுபடியும் காலி பண்ணச் சொல்றாங்களா?'ன்னு கேட்டு அழுவ ஆரம்பிச்சிட்டா. எனக்கு இது வோணாம். மிக்சி வாங்குனா கடைக்காரன் சொல்லுவான் பாரு, இத்த அமுக்கு, இத்த அமுக்காத, தண்ணி வுடாத, அவ்ளோதான். அந்த மாதிரி சொல்லு."

சாய்சரண் யோசித்து யோசித்துச் சொன்னார். முருகையன் அதைத் தன் வழிக்கு மாற்றினான். பொட்டியில் அமுக்க வேண்டிய பொத்தானுக்குக் குங்குமம் வைத்தான். தொடவே கூடாத ஒரு குட்டி ஓட்டை இருந்தது, அதன்மேல் விபூதிப் பட்டை போட்டான். பொட்டி மக்கர் பண்ணினால் குங்குமத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு நேரம்? 'ஓம் கணபதியே நம' என்று மூன்று தடவை சொல்கிற நேரம். எங்கள் ஸ்டாண்டில் அப்துல் சமத் பாய் பிஸ்மில்லா சொல்லி அமுக்குவார். அதற்கும் பொட்டி சரியானது.

பொட்டிக்குள் இருப்பதையெல்லாம் வாரம் ஒருதடவை இன்னொன்றில் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்பது சாய்சரண் அழுத்தி அழுத்திச் சொன்ன விஷயம். பொட்டி கெட்டுப்போனால் பிரதியிலிருந்து திரும்ப எழுப்பலாமாம். அதற்கு விரல் நீளத்தில் ஒரு பென் டிரைவைத் தயார் செய்து கொடுத்தார். நாங்கள் அதைக் குச்சி என்போம். யாருக்கு ஞாபகம் இருக்கும்? முருகையன் அதையும் வெள்ளிக்கிழமைப் பூஜையோடு சேர்த்துவிட்டான். பூஜை முறை எவருக்கோ குச்சி முறையும் அவருக்கே. விளக்கு வைக்க வேண்டும், குச்சி சொருக வேண்டும், பிறகு சுண்டல். பூஜையை விட்டால் குத்தம் என்று எல்லோரும் ஒழுங்காகச் செய்தார்கள். படித்தவர்கள் வீட்டிலேயே இவ்வளவு ஒழுங்காகப் பிரதி எடுக்கமாட்டார்கள் என்று சாய்சரணே போனில் சொன்னார்.

சுண்டலில் ஒரு கைப்பிடியைப் பொட்டிக்கும் வைப்பான் முருகையன்.

"பொட்டிக்கு எதுக்குடா சுண்டல்?" என்றேன்.

"வெறும் பொட்டின்னா இவனுங்க அது மேல டீ கிளாஸ வப்பானுங்கோ அண்ணே. சுண்டல் வச்சா கும்புடுவானுங்கோ."

அசோகனுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "கம்பெனின்னா ஆயிரம் பேர் வேல செய்றான். இங்க யார் கீறா? முருகையன் கீறான். வாய் மட்டும் கீது" என்றார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "இந்தப் பொட்டிய நம்பி ஒரே ஒரு பாசஞ்சரு தெருவுல நிக்கட்டும். அன்னிக்கே பொட்டி பழைய இரும்புக்காரனுக்கு. அல்லாரும் மறுபடி ஆப்புக்கு. சரியா?"

"சரி தலைவரே" என்றான் முருகையன். ஆப்பில் அவன் கணக்கு இன்னும் திறக்கவில்லை. எல்லோரும் அங்கே போய்விட்டால் அவன் மட்டும் வெளியே.

விநாயகர் சதுர்த்தி வந்தது. வழக்கம்போல ஸ்டாண்டில் களிமண் பிள்ளையார் வாங்கி வைத்தோம். வண்டிச் சாவிகளையெல்லாம் அவர் காலடியில் வைத்தோம். முருகையன் குச்சியை மஞ்சள் துணியில் முடிந்து, கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று, பிள்ளையார் கழுத்திலேயே கட்டிவிட்டான். மூன்றாம் நாள் மேளத்தோடு பட்டினப்பாக்கம் கடலுக்குப் போனோம். பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்கியவன் முருகையன்தான். மூன்று முழுக்குப் போட்டு, "போய்ட்டு வா சாமி" என்று கத்தி, அழுதுகொண்டே கரையேறினான். பார்க்கவே பரவசமாக இருந்தது.

திரும்பும்போது நான் அவன் வண்டியில் வந்தேன். மந்தைவெளி நெருங்கும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் அப்படி நடந்ததே இல்லை.

"என்னடா?"

"அண்ணே... குச்சி."

"எங்க இருக்கு?"

"பிள்ளையார் கய்த்துல."

"பிள்ளையார் எங்க?" என்று கேட்ட பிறகுதான் என் கேள்வி எனக்கே உறைத்தது.

வண்டியைத் திருப்பினான். கரையில் அலை ஒதுக்கிப் போட்ட மஞ்சள் முடிச்சுகள் கணக்கில்லாமல் கிடந்தன. ஒவ்வொன்றாக அவிழ்த்தான். காசு, அரிசி, குங்குமம், யாரோ ஒரு பிள்ளை பரீட்சை பாஸாக வேண்டும் என்று எழுதிய துண்டுச்சீட்டு. ஒவ்வொன்றையும் திரும்ப முடிந்து, மன்னிப்புக் கேட்டு, கடலில் விட்டான். எங்கள் குச்சி கிடைக்கவில்லை.

"புதுசா ஒரு குச்சி வாங்கிக்கோயேன். அதுக்கென்ன?" என்றேன்.

வாங்கினான். அங்கேதான் சிக்கல். பழைய குச்சி சாய்சரண் பழக்கி வைத்தது, சொருகினால் தானாக வேலை செய்யும். புதியதைச் சொருகியதும் முருகையன் போனில் ஒரு கேள்வி வந்தது. இங்கிலீஷில். கீழே ஒரு சிவப்புக் கட்டம், ஒரு சாம்பல் கட்டம்.

"ஆமாவா இல்லியான்னு கேக்குது அண்ணே. எதுக்கு ஆமான்னு தெரியாம எப்டி ஆமான்னு சொல்றது? செவப்பா வேற கீது."

"நம்ம ஸ்டாண்டுப் பையன் விக்கிகிட்ட காட்டு. அவன் பத்தாவது படிச்சவன்."

"விக்கிக்குத் தெரிஞ்சா தலைவருக்குத் தெரியும்."

"சாய்சரணுக்குப் போன் பண்ணு."

"ஆசையா குடுத்த புள்ள. கடல்ல வுட்டுட்டேன்னு சொல்ல வாய் வர்ல."

அந்த வாய்க்கே வரவில்லை என்றால் விஷயம் பெரியதுதான். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாருடைய முறையையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். புதுக் குச்சியைச் சொருகுவான். கேள்வி வரும். சாம்பல் கட்டத்தை அமுக்கிவிட்டு, குச்சியைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். சுண்டல் மட்டும் முன்பைவிட அதிகமாக வைத்தான். நான் பிள்ளையாரிடம் மட்டும் சொல்லி வைத்தேன். வேறு யாரிடம் சொல்ல?

ஆயுத பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் மணி அடிக்கவே இல்லை. ஸ்கூல் போகும் நேரத்தில் எங்கள் போன்களெல்லாம் தீபாராதனை மாதிரி அடிக்கும். அன்றைக்கு நிசப்தம். முருகையன் கதவைத் திறந்து குங்குமத்தை அமுக்கினான். கணபதியை மூன்று தடவை கூப்பிட்டான். பிறகு முப்பது தடவை கூப்பிட்டான்.

"மாமா, பொத்தான் அந்தாண்ட பக்கம் வந்துடப் போவுது" என்றான் விக்கி.

அப்போது தெருமுனையில் சக்கரம் வைத்த பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சுப்பராமன் சார் வந்தார். மயிலாப்பூர்ப் பக்கத்துக்காரர். பேங்கில் இருந்து ரிடையர் ஆனவர். எங்கள் வாடிக்கை.

"யாருப்பா இங்க இன்சார்ஜ்? ஆத்து வாசல்ல மூட்டை முடிச்சோட நின்னுண்டிருக்கேன், ஈ காக்கா வரலை! அமுக்கறேன், அமுக்கறேன், கட்டை விரலே தேஞ்சு போயிடுத்து!"

அசோகன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பாசஞ்சரு தெருவுல நின்னுட்டாரு. பேச்சு முடிஞ்சிது. விக்கி, பொட்டிய எட்து வெளிய வை."

"இருங்க தலைவரே. சார், ரயிலு எத்தினி மணிக்கு?" என்றான் முருகையன்.

"மத்தியானம்."

"மத்தியானத்துக்கு இப்பவே எதுக்கு சார்?"

"வண்டி வராட்டா என்ன பண்றதுன்னுதான் முன்னாடியே கிளம்பினேன். வரலை பாத்தியா? நான் பயந்தது சரியாப் போச்சா?"

"ரயில் போவல, அப்ப பாசஞ்சரு நிக்கல" என்றான் முருகையன்.

"பொட்டி செத்துப் போச்சுல்ல?" என்றார் அசோகன். "விக்கி, நான் சொன்னது காதுல வுயல?"

"யாரு எதை வெளிய வைக்கறது?" என்று சுப்பராமன் சார் அசோகனுடைய வண்டியில் ஏறிப் பின் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான் இன்னும் திட்டியே முடிக்கலை! போன மாசம் எம் பொண்ணு கம்பெனி வண்டி போட்டா. வரலை. யாரைத் திட்டறது? போன்ல ஒரு மிஷின் பேசறது. நான் திட்டத் திட்ட, 'உங்கள் பொறுமைக்கு நன்றி'ங்கறது. திட்டறதுன்னா எதிர்ல ஒரு மூஞ்சி வேண்டாமா? இவன் மூஞ்சியைப் பாரு. எப்படித் தொங்கிப் போயிருக்கு! எனக்கு மனசே ஆறிடுத்து."

முருகையன் அந்த மூஞ்சியோடு கையெடுத்துக் கும்பிட்டான்.

"பொட்டில உசுரே இல்ல. கரண்டு வருதான்னு எவனாச்சும் பாத்தீங்களா?" என்றார் சமத் பாய்.

யாரும் பார்க்கவில்லை. பிளக்கு பிள்ளையாருக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. பிரதிஷ்டை செய்த சாமியை நகர்த்தக் கூடாது. ஒல்லிக் கையாக இருந்தால்தான் இடுக்கில் போகும். குளித்த கையாகவும் இருக்க வேண்டும். நான் குளித்திருந்தேன், என் கை முழங்கையோடு நின்றுவிட்டது.

"நவுருங்க. இன்னிக்கு ஜும்மா. நான் குளிச்சி அத்தர் போட்டுக்கினு வந்து கீறேன். உங்கள்ல எவன் குளிச்சீங்கோ?" என்றார் பாய். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் பிள்ளையாரைப் பார்த்து, "நம்ம பாய்தான் சாமி" என்றேன். பாய் கையை விட்டுத் துழாவி, ஒரு ஒயரை வெளியே இழுத்தார். பாதிதான் வந்தது. முனை கடித்துக் குதறியிருந்தது. கூடவே கொஞ்சம் சுண்டல் தோல், பூ நார்.

"எலி" என்றான் விக்கி.

எல்லோர் கண்ணும் பிள்ளையார் காலடியில் இருக்கும் கல் மூஞ்சூறுக்குப் போய், அங்கிருந்து முருகையனுக்கு வந்தது. பொட்டிக்குச் சுண்டல் வைத்தவன் அவன்தானே.

"மருந்து வச்சிடலாம்" என்றார் அசோகன்.

"சந்நிதியில மருந்தா? வேண்டாம் தலைவரே, மகாபாவம்" என்றேன்.

"அவரு வண்டிய அவரு ஸ்டாண்டுல வுட்டு கீறாரு" என்றான் முருகையன். "நம்ம எப்டி எட்துக்கினு போன்னு சொல்றது?"

இதற்கு ஒரு ஆட்டோக்காரரால் பதில் சொல்ல முடியாது. அதோடு மருந்துப் பேச்சு நின்றது. விக்கி ஓடிப்போய் எலக்ட்ரிக் கடையில் புது ஒயரும், அதை மூட இரும்புக் குழாயும் வாங்கி வந்தான். பாய் கையை விட்டுச் சொருகினார். பொட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லார் போனிலும் சேர்ந்தாற்போல் மணி அடித்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அசோகன் விடவில்லை. "இன்னிக்கு ஒயரு. நாளைக்கு எலி பொட்டியவே தின்னா? வாரா வாரம் பிரதி எட்து வச்சி கீறேன்னு சொன்னியே, அத்த காட்டு."

முருகையன் சட்டைப் பையிலிருந்து புதுக் குச்சியை எடுத்துக் கொடுத்தான். அதைத் தவிர அவனுக்கு என்ன வழி? அசோகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விக்கியிடம் கொடுத்தார். விக்கி சொருகினான். கேள்வி வந்தது.

"மாமா, இது புதுக் குச்சி. உள்ள ஒன்னியும் இல்ல."

"டேய் முருகா, பிரதி எங்க?"

"பட்டினப்பாக்கத்துல கீது தலைவரே."

"யார் வூட்ல?"

"வூட்ல இல்ல. கடல்ல."

அதற்குப் பிறகு அசோகன் சொன்னதைச் சந்நிதிப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் எழுதக் கூடாது. சொல்லி முடித்து மூச்சு வாங்கும்போது, "சரி, இப்ப இது இன்னா கேக்குது?" என்றார்.

விக்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். "எல்லாத்தையும் அழிச்சிடவான்னு கேக்குது."

எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"எத்த அழிக்கும்? குச்சியா, பொட்டியா?"

சுப்பராமன் சார் வண்டியிலிருந்தே போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "'இந்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம்'னு போட்டிருக்கு. எந்த டிஸ்க்? விரலை நீட்டிக் காட்டினான்னா 'இந்த'ங்கலாம். மொட்டையா 'இந்த'ன்னா? முப்பது வருஷம் பேங்க்ல இருந்தேன், இப்படி ஒரு கேள்விக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"குச்சியத்தான் அழிக்கும். அதுலதான் ஒன்னியும் இல்லியே, அழிச்சா இன்னா?" என்றான் விக்கி.

"ஒன்னியும் இல்லாதத அழிக்கவான்னு எவனாச்சும் கேப்பானா?" என்றார் சமத் பாய். அதுவும் நியாயமாகவே பட்டது.

சாய்சரணுக்குப் போன் போட்டோம். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அங்கே ராத்திரி. ஆமாம் என்று அமுக்கிப் பொட்டி அழிந்தால், மந்தைவெளியில் எந்த அம்மாவை எந்தக் கிழமை எந்த வீட்டில் ஏற்றுவது என்பதெல்லாம் போச்சு. இல்லை என்று அமுக்கினால் என்றைக்குமே பிரதி கிடையாது. முருகையன் கட்டை விரலைச் சிவப்புக்குக் கொண்டுபோனான். திரும்ப எடுத்துவிட்டான்.

"என்னால ஆவாது தலைவரே. தெரியாம ஆமான்னு சொல்ல எனக்கு வர்ல. பொட்டிய இரும்புக்காரனுக்கே குட்துடுங்க."

அசோகன் அவன் கையிலிருந்து போனை வாங்கினார். "இத்தினி நாளா இந்தக் கேள்விய பாத்துப் பாத்துப் பயந்துக்கினு, ஒருத்தன்கிட்டயும் சொல்லாமயா குந்தினு இருந்த?"

"ம்."

"கய்தே. நவுரு. தலைவரு நானு. அயிஞ்சா என் தலைல அயியட்டும்." கண்ணை மூடிக்கொண்டு, சிவப்பை அமுக்கிவிட்டார்.

திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. நான் பிள்ளையாரைப் பார்த்தேன். பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். சுப்பராமன் சார் தன் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். திடீரென்று எல்லார் போனிலும் மணி அடித்தது. நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் அலறினோம். பார்த்தால், யாரோ ஒரு அம்மா வண்டி கேட்கிறார். பொட்டி உயிரோடுதான் இருந்தது.

"ஆவுது மாமா! குச்சில ஏறுது!" என்று விக்கி குதித்தான்.

ஏறி முடித்ததும் குச்சியைப் பிடுங்கிய அசோகன், அதை முருகையனிடம் கொடுக்கவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். "உன்கிட்ட குட்தா மறுபடி முழுக்குப் போடுவ. இனிமே இது என் வூட்டு பீரோவுல இருக்கும். வெள்ளிக்கெயம நானே எட்துக்கினு வருவேன்."

"அப்ப பொட்டி?" என்றான் முருகையன் மெதுவாக.

"பொட்டி இருந்தாத்தானே குச்சிக்கு வேல? கேள்வி கேக்குறான் பாரு." வண்டியில் ஏறி, "சார், எழும்பூர்தானே? கால கீழ தொங்கப் போட்டு குந்துங்க" என்று கிளப்பிக்கொண்டு போனார்.

சாய்சரண் சாயங்காலம் கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்.

"சிரிக்காத தம்பி. நீ முதல்ல அந்தக் கேள்விய மாத்து" என்றான் முருகையன். பிறகு அவனே சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளை கனடாவிலிருந்தே மாற்றி எழுதினார். இப்போது எந்தப் புதுக் குச்சியைச் சொருகினாலும் எங்கள் பொட்டி தமிழில் இப்படித்தான் கேட்கிறது: 'அண்ணே, நீங்க இப்ப கையில எடுத்து சொருகினீங்களே, அந்தக் குச்சியத்தான் தொடச்சிட்டுப் புதுசா எழுதப் போறேன். பொட்டியில இருக்கறது எங்கியும் போவாது. பயப்படாதீங்க. எழுதட்டுமா?' கீழே இரண்டு கட்டம். ஒன்றில் 'எழுது'. இன்னொன்றில் 'இரு, ஆளைக் கேட்டுட்டு வரேன்'.

எங்கள் ஆட்கள் அதற்கு வாயாலேயே பதில் சொல்லிவிட்டுத்தான் அமுக்குகிறார்கள். "எழுதும்மா" என்பார் சமத் பாய்.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. தை மாதத்தில் ஆதம்பாக்கம் ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் வந்தார்கள். எங்களுக்கும் இப்படி ஒரு பொட்டி வேண்டும், கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் யாரும் இல்லை, முடியுமா என்று கேட்டார்கள். முருகையன் டீ வாங்கிக் கொடுத்து, தன் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான். டீ ஆறி, வெயில் ஏறி, கதை முடிந்த பிறகு அவர்களிடம் ஒன்று கேட்டான்.

"உங்க ஸ்டாண்டுல எதையும் நம்பாத ஆளு ஒருத்தன் இருப்பானே, யாரு அவன்?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "பிரபுன்னு ஒருத்தன் கீறான். இது டுபாக்கூரு, நான் வர்ல, நீங்க போங்கன்னு சொல்லிட்டான்."

"அவன இட்டுக்கினு வாங்க. குச்சி அவன் கையிலதான் குடுப்பேன்."

மறுநாள் பிரபு வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "இவ்ளோ சின்ன பொட்டில இன்னா இருந்துடப் போவுது?" என்றார்.

பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த அசோகன் பேப்பரை மடித்தார். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைக் கையால் தட்டினார்.

"வாய்யா. இங்க வந்து குந்து" என்றார்.